ஒரு வரி தெரியும் அட்டை

அன்னப்பூரணி ரீச்சர் எதை வாசிப்பதென்றாலும் முதலில் அட்டையைத்தான் எடுப்பார். உள்ளங்கை அகலமான மஞ்சள் அட்டை. நடுவில் பயற்றங்காய் பருமனில் ஒரு நீளத் துவாரம், அச்செழுத்தில் ஒரு வரி மட்டும் தெரியுமளவுக்கு. அச்சடித்த பக்கம் எப்போதும் கீழே இருக்கும். அதைத் தாளின் தலையில் வைத்து இடது பெருவிரலால் மெல்லக் கீழே தள்ளுவார். ஒரு வரி முடிந்ததும் நிற்பார். ஒரு மூச்சு. அதற்குப் பிறகுதான் அடுத்த வரி. வரவுப் பதிவேடு, சங்கக்கடை அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் அதே நடைமுறைதான். துவாரத்தின் விளிம்பு விரல் அழுக்கேறிக் கறுத்து, தேய்ந்து, மெழுகு பூசினாற்போலப் பளபளத்தது.

"உங்களுக்குமா ரீச்சர் எழுத்து ஓடுது?" என்று அழகரத்தினம் ஒருமுறை பகிடியாகக் கேட்டார்.

"பிள்ளையளுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா அண்ணன்?" என்றார் ரீச்சர்.

ஏதோ பிஸ்கட் பெட்டியில் வெட்டிய துண்டு என்றுதான் அழகரத்தினம் ஒன்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வட்டை என்கிற வயல்வெளியின் ஓரத்தில் இருந்தது. அறுத்த கதிரைக் களத்தில் பரப்பி, மாடுகளை விட்டு மிதிப்பித்து நெல் பிரிக்கும் வேலையைத் தலைமை தாங்கி நடத்துபவர் அவர். உழவு இயந்திரங்கள் வந்த பிறகு அந்த வேலை படுத்திருந்தது. யுத்தம் வந்து, சோதனைச்சாவடியில் டீசலை மறித்ததும், இயந்திரங்கள் வேப்பமரத்துக்குக் கீழே சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்க, மாடுகள் மறுபடி களத்துக்கு வந்தன. "இவருக்கு ஆமிக்காரன் குடுத்த உத்தியோகம்" என்று மனைவி கண்ணகை ஊரெல்லாம் சொல்லித் திரிவாள்.

மகள் சீதேவிக்கு அப்போது ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு. வாசிக்கச் சொன்னால் முதல் வரியில் தொடங்கி ஐந்தாம் வரியில் போய் நிற்பாள். இடையில் இருந்த மூன்று வரிகளும் எங்கே போயின என்று அவளுக்கும் தெரியாது. கணக்கின் நடுவில் அணில் கீச்சிட்டால் கணக்கை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போவாள். கூப்பிட்டால் வருவாள். எதற்கு எழும்பினோம் என்பதும், எதற்கு வந்தோம் என்பதும் மறந்திருக்கும். அடி வாங்கினாள். முழங்காலில் நின்றாள். முழங்காலில் நின்றபடியே எறும்பு பார்த்தாள்.

தொண்ணூற்று மூன்று தை மாதம் அதிபர் வினாயகமூர்த்தி ஆளனுப்பி அழகரத்தினத்தைக் கூப்பிட்டார்.

"நான் கோவத்தில சொல்லல்ல, அழகரத்தினம். அறுவத்திரண்டு பிள்ளையளுக்கு நாங்க ரெண்டு பேர்தான். உன்ர மகள் ஒராள் எழும்பினா அவவோட பத்துப்பேர் எழும்புதுகள். பங்குனிக் கடைசியில டவுனால கல்வி ஆலோசகர் வாறார். அவர் பார்த்து, இவவுக்குப் பள்ளிக்கூடம் சரிவராது எண்டு எழுதினாரெண்டா, வீட்டில வெச்சிரு. தாய்க்கு உதவியா இரிக்கட்டும்."

களத்தில் இருபது பேரை மேய்க்கிற அழகரத்தினம் தலைத்துண்டைக் கையில் எடுத்துக் கசக்கினார். பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். கையில் சோக்குத்தூள். அதுதான் அன்னப்பூரணி ரீச்சர்.

ஊர் மண்டூர். தொண்ணூறில் இடம்பெயர்ந்து வந்து, சின்னம்மா வீட்டில் தங்கி, அந்தப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாகப் படிப்பித்தவர். தொண்டர் என்றால் சம்பளம் கிடையாது. என்றைக்காவது நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கைதான் சம்பளம். இருபத்தாறு வயது, ஒல்லி, பேச்சு மட்டும் கனம்.

"சேர், அதுவரைக்கும் பிள்ளைய என்னட்டத் தாங்க. அவவோட சேர்த்து, எழும்பித் திரியிற மற்ற அஞ்சு பேரையும் தாங்க."

"தந்தா?"

"உங்களுக்குச் சத்தம் குறையும்."

அதிபர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. பள்ளிக்கூடத்தின் பின்னால் விறகு அடுக்கும் கொட்டில் ஒன்று இருந்தது. அதை ஒதுக்கிக்கொடுத்தார்.

அன்று பின்னேரமே ரீச்சர் வீட்டுக்கு வந்தார். வந்தவர் புத்தகம், கொப்பி எதையும் கேட்கவில்லை.

"பிள்ளை எதைப் பிழையில்லாமச் செய்வா?"

"ஒண்டும் இல்ல ரீச்சர்," என்றாள் கண்ணகை. "சோத்தைப் போட்டாப் பாதியில எழும்பி ஓடுவாள். தண்ணிக்கு விட்டா இவள் வருவாள், வாளி வராது."

ரீச்சர் அழகரத்தினத்தைப் பார்த்தார். அவர் முற்றத்து மணலைப் பார்த்தபடி சொன்னார்: "களத்தில பிழை விடமாட்டாள்."

களத்துக்கென்று ஒரு பேச்சு உண்டு. உள்ளே கால் வைத்துவிட்டால் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்லவேண்டும். மாடு அங்கே வாரிக்காலன். ஓலைக் கடகம் பெருவாயன். வைக்கோலைக் கிளறும் கம்பு வேலைக்காரன். வெளிப்பேச்சுப் பேசினால் பூதம் காதுகொடுத்துக் கேட்டு விளைச்சலை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது ஐதீகம். அழகரத்தினத்தின் களத்தில் வாய் தவறியவன் வேலையை விட்டு வெளியே போய்க் கால் கழுவிவிட்டுத்தான் திரும்ப வரலாம். தாடி நரைத்தவர்களே நாளுக்கு இரண்டு தரம் கால் கழுவுவார்கள். பெண்கள் களத்துக்குள் போவதில்லை. சிறுபிள்ளை என்பதால் சீதேவிக்குத் தடையில்லை. தேத்தண்ணி கொண்டு போவாள், மூன்று மணித்தியாலம் நிற்பாள், ஒருநாளும் வாய் தவறியதில்லை. மற்றவர்கள் தவறினால் முதலில் பிடிப்பதும் அவள்தான்.

"பிள்ளையப் பள்ளிக்கூடத்தால கலைக்கப் போறாங்க, நீங்க களத்துப் பெருமை கதைக்கிறீங்க," என்றாள் கண்ணகை.

"விடுங்க அக்கா," என்றார் ரீச்சர். "எனக்கு அதைப் பார்க்கோணும்."

மாசியில் அறுவடை தொடங்கியதும் ரீச்சர் வந்தார். களத்துக்கு வெளியே, வரம்பில், குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க நின்றார். ஆட்களுக்குக் கூச்சம். "இன்ஸ்பெக்டர் வந்திரிக்கா, வடிவா நடவுங்கடா," என்று ஒருவன் வாரிக்காலன்களுக்குப் புத்தி சொன்னான். வெயில் சாயும்போது அழகரத்தினம் வரம்புக்கு வந்தார்.

"என்னத்தைக் கண்டீங்க ரீச்சர்?"

"உங்கட ஆக்கள் வாய் திறக்க முதல் ஒருக்கா நிக்கிறாங்க அண்ணன். ஒரு மூச்சு விட்டுத்தான் சொல்லு வருது. அந்த இடத்திலதான் பிள்ளையும் நிக்கிறா. பள்ளிக்கூடத்தில நாங்க அவவுக்கு நிக்க இடமே குடுக்கல்ல. ஓடு, ஓடு எண்டுதான் சொல்லிக் குடுத்திரிக்கம்."

இருபத்திரண்டு வருடம் களம் நடத்தியும் அந்த ஒரு மூச்சு தன் கண்ணில் படவில்லையே என்று அழகரத்தினம் அன்றிரவு கண்ணகையிடம் சொன்னார். "நீங்க என்னத்தைக் கண்டீங்க," என்று அவள் பாயை உதறினாள்.

அதன் பிறகு கொட்டிலில் நடந்ததெல்லாம் ஊருக்கு விளையாட்டாகத் தெரிந்தது. ரீச்சர் களத்துச் சொற்களைத் தொடவில்லை. களத்தின் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு நாள் காலையிலும் ஆறு பிள்ளைகளும் கூடி இரண்டு சொற்களைத் தடைசெய்வார்கள். பென்சில் ஒருநாள் நண்டுக்கால் ஆகும். கரும்பலகை ஒருநாள் குளம். பழைய பெயரைச் சொன்னவர் எழும்பி, வாசலில் இருக்கும் பானைத் தண்ணீரில் கால் கழுவிவிட்டு வரவேண்டும். அடி இல்லை, ஏச்சும் இல்லை. எழும்பாமல் இருக்க முடியாத பிள்ளைகளுக்கு எழும்பிப் போய்வர ஒரு நேர்மையான வழியும் கிடைத்தது.

கொட்டிலில் மணிக்கூடு இல்லை. பள்ளிக்கூடத்து மணிக்கூடும் பற்றரி கிடைக்காமல் எப்போதோ மூன்று இருபதில் நின்றுபோயிருந்தது. ரீச்சர் ஒரு சிரட்டையின் அடியில் சின்ன ஓட்டை போட்டு வாளித் தண்ணீரில் மிதக்க விட்டார். அது நிரம்பித் தாழும்வரை வேலை. தாழ்ந்ததும் வேம்புவரை ஓடிவிட்டு வரலாம். முதல் கிழமை சிரட்டை நூறு எண்ணுவதற்குள் தாழ்ந்தது. அதற்குள்ளேயே பென்சிலைக் கடிக்கிறவன் பென்சிலில் பாதியைத் தின்றுவிடுவான். ஒவ்வொரு சனிக்கிழமையும் ரீச்சர் தேன்மெழுகால் அந்த ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்தார். பங்குனி பிறந்தபோது சிரட்டை தாழக் கால் மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. பிள்ளைகளுக்குத் தெரியாது. "இந்தத் தண்ணி இப்ப மெதுவாப் போகுது," என்று ஒருத்தி மட்டும் சந்தேகப்பட்டாள்.

வாசிப்புக்குத் தாளில் துவாரம் வெட்டி ஒரு வரி மட்டும் தெரிய வைத்தார். ஒரு வரி, ஒரு மூச்சு, அடுத்த வரி. சீதேவிக்கு வரி நின்றது. ஆனால் கொப்பித் தாள் காற்றுக்கு எழும்பியது. பனையோலையில் வெட்டினால் சுருண்டது. சுருண்ட அன்று மூன்று நாள் பாடுபட்டதெல்லாம் போய், பிள்ளை ஓலையைக் கிழித்தெறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டது. அழுத பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அழகரத்தினம் திரும்பக் கொண்டுபோய் விட்டார்.

"சரிவருமா ரீச்சர்?"

"நேற்றுப் பன்ரெண்டு வரி வாசிச்சா. இண்டைக்கு ரெண்டு. பன்ரெண்டு வரி வாசிச்சது பொய்யாகாது அண்ணன்."

அந்தப் பதிலை அவர் களத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்காட்டினார்.

ஆலோசகர் இராசதுரை வியாழக்கிழமை வருவதாக இருந்தது. அந்தக் கிழமை பாதையை மூடிவிட்டார்கள். வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம், வாவியால் தோணியில் வந்த ஒருவரிடம் ஆலோசகர் சொல்லியனுப்பியிருந்தார்: நாளை சனிக்கிழமை, தானும் தோணியில் வருகிறாராம், பிள்ளைகளைக் கூப்பிட்டு வைக்கட்டாம், பிறகு சித்திரைக்குப் பின்தான் வரமுடியுமாம். அதிபர் அந்தச் சேதியை ரீச்சரிடம் சொல்லச் சொல்லி அழகரத்தினத்தை அனுப்பினார்.

ரீச்சர் சின்னம்மா வீட்டுப் படலையைச் சாத்திக்கொண்டிருந்தார். நல்ல சேலை, தோளில் பை, கையில் குடை.

"எங்க ரீச்சர் பயணம்?"

"டவுனுக்கு ஒரு அலுவல் அண்ணன். தோணிக்குப் போறன்."

அழகரத்தினம் சேதியைச் சொன்னார். ரீச்சர் படலையைப் பிடித்தபடி நின்றார். துறைக்குப் போகும் பாதையை ஒருமுறை பார்த்தார். பிறகு குடையை மடக்கினார்.

"வாசிக்கிறதுக்கு ஓலை கிழிஞ்சிட்டு. பிள்ளைக்கு ஏதாவது தடிப்பா வெட்டோணும்," என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த அலுவல் என்னாயிற்று என்று கேட்க அழகரத்தினத்துக்குத் தோன்றவில்லை. அவருடைய தலைக்குள் மகள் மட்டும்தான் இருந்தாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே ஆறு பிள்ளைகளும் எண்ணெய் வழிய வந்துவிட்டார்கள். அன்றைக்குத் தடைசெய்த சொற்களில் ஒன்று புத்தகம். தாள் படபடவென்று பறப்பதால் அதற்குச் சிறகு என்று பெயர் வைத்தது சீதேவி. ஆலோசகர் வந்துசேரப் பத்தரை ஆகிவிட்டது. காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. அழகரத்தினம் கொட்டிலுக்கு வெளியே, கிடுகு விலகிய ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் கண்ணகை, "வடிவாப் பார்த்துச் சொல்லுங்க" என்று விலாவில் குத்திக்கொண்டிருந்தாள்.

"இவவா?" என்றார் ஆலோசகர். "எங்க, புத்தகத்தை எடுங்க பார்ப்பம்."

சீதேவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் பேசாமல் எடுத்தாள். ரீச்சர் பையிலிருந்து புதிய அட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். தடித்த மஞ்சள் அட்டை, நடுவில் புதுத் துவாரம்.

"இது என்ன?" ஆலோசகர் அதைக் கையில் எடுத்தார். திருப்பினார். மறுபக்கத்தைப் பார்த்தார். ரீச்சரைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரீச்சர், இது..."

"பிள்ளை வாசிக்கட்டும் சேர்."

அவர் அட்டையைத் திருப்பி, துடைத்து, பக்கத்தின் தலையில் தானே வைத்தார். ரீச்சர் சிரட்டையை மிதக்க விட்டார்.

சீதேவி வாசித்தாள். ஒரு வரி. நின்றாள். மூச்சு விட்டாள். அடுத்த வரி. சத்தம் மெல்லியது, ஒவ்வொரு சொல்லையும் கையால் தொட்டுத் தூக்குவதுபோல வந்தது. அட்டை வழுக்கவில்லை, சுருளவில்லை. வேம்பில் காகம் ஒன்று கரைந்தது. வெளியே நின்ற தகப்பன் அண்ணாந்து பார்த்தார், மகள் பார்க்கவில்லை. எட்டாம் வரி, ஒன்பதாம் வரி. பதினான்காம் வரியின் நடுவில் ஆலோசகர் சொன்னார்:

"காணும், காணும். புத்தகத்தை மூடுங்க."

அவள் மூடவில்லை. அந்த வரியைக் கடைசிச் சொல்வரை வாசித்தாள். நின்றாள். மூச்சு விட்டாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"சேர், நீங்க ரெண்டு தரம் சொல்லிப்போட்டீங்க. வந்த உடன ஒருக்கா, இப்ப ஒருக்கா. ரெண்டு தரம் கால் கழுவோணும்."

அதிபர் வினாயகமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். ரீச்சர் சட்டத்தை இரண்டு வசனத்தில் விளக்கினார். ஆலோசகர் சிரட்டையைப் பார்த்தார். அது இன்னும் தாழவில்லை. எழும்பி, வாசலுக்குப் போய், கால் கழுவிவிட்டு உள்ளே வந்தார். திரும்பப் போய், இன்னொருமுறை கழுவிவிட்டு வந்தார். மற்ற ஐந்து பேரும் எண்ணினார்கள்.

"முதல் சொன்னதை ஏன் அப்பவே பிடிக்கல்ல?" என்று பிள்ளையிடம் கேட்டார்.

"வாசிக்கிற வேலை இருந்திச்சு."

அவர் சிரித்தார். பிறகு பேனையைத் திறந்து, அதிபருக்குக் கேட்கும்படியாகச் சொல்லிச் சொல்லி எழுதினார்: இந்தப் பிள்ளை தொடர்ந்து படிக்கவேண்டும். இந்தக் கொட்டில் வகுப்பும் தொடர்ந்து நடக்கவேண்டும்.

"என்னவாம்? என்னவாம்?" என்று கண்ணகை குத்தினாள். அழகரத்தினம் கிடுகை விட்டு விலகி நடந்தார். நடை ஓட்டமாயிற்று. அந்தப் போகத்தின் கடைசிக் களம் அன்று நடந்துகொண்டிருந்தது. வரம்பால் ஏறி, களத்தின் நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்தார்.

"டேய், நெல்லை அப்படியே போட்டுட்டு இஞ்ச வாங்கடா. என்ர மகள் டவுன் சேரைக் கால் கழுவ வெச்சிட்டாள்டா."

ஒருவரும் வரவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். கம்போடு நின்றவனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

"பெரியவர், மகளுக்கு முதல் நீங்க போய்க் கால் கழுவுங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அது முதல் தடவை. அவர் வாய்க்காலுக்கு நடந்தார். களம் முழுக்கக் கூவியது. கால் கழுவும்போது அவருக்குக் கண்ணும் நனைந்திருந்தது. வாய்க்கால் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு சிரித்தபடியே திரும்பி வந்தார். ஆலோசகர் இரண்டு தரம் கழுவினார், நான் ஒரு தரம்தான் என்று பிறகு கணக்குச் சொன்னார்.

கொட்டில் வகுப்பு நடந்தது. ஊர் இரண்டுமுறை இடம்பெயர்ந்தபோது மரத்தடியில் நடந்தது. சிரட்டை உடைந்து புதுச் சிரட்டை வந்தது. அட்டை மட்டும் அதே அட்டை. பென்சில் தின்றவன் வாசித்தான். அவனுக்குப் பிறகு வந்தவர்களும் வாசித்தார்கள். எல்லோருக்கும் சரிவந்தது என்றில்லை. இரண்டு பிள்ளைகள் கடைசிவரை நிற்கவேயில்லை. அவர்களைப் பற்றி யாராவது கேட்டால் ரீச்சருக்கு முகம் கறுக்கும். சீதேவி சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்குத் திறமைச் சித்தி எடுத்தாள். அந்தப் பெறுபேற்றுத் தாளை அழகரத்தினம் மடித்து மடித்தே கிழித்தார், அவ்வளவு பேருக்கு விரித்துக் காட்டினார்.

ரீச்சர் மட்டும் தொண்டர் ஆசிரியையாகவே இருந்தார். அவரோடு தொடங்கியவர்கள் நியமனம் கிடைத்துப் போனார்கள். "கொஞ்சம் கெட்டிக்காரத்தனமா இரிந்திரிக்கலாம் இவ," என்று கண்ணகைகூட ஒருமுறை சொன்னாள். ஒன்பது வருடம் கழித்து, இரண்டாயிரத்து இரண்டில், பாதைகள் திறந்த பிறகு, மாங்கேணிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு அவருக்கு நிரந்தர நியமனம் வந்தது. புறப்பட்ட அன்று சீதேவியின் கையில் அட்டையைக் கொடுத்தார்.

"எனக்கெதுக்கு ரீச்சர்? எனக்கு இப்ப வரி ஓடல்லியே."

"ஓடுற பிள்ளை ஒண்டு எங்கயாவது இரிக்கும். குடு."

பஸ் போன பிறகு அழகரத்தினம் மகளிடமிருந்து அட்டையை வாங்கிப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் முதன்முறையாகத் திருப்பினார். மங்கிய அச்சு. அவருக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். மேலே இலங்கை அரசின் இலச்சினை. அதன் கீழே, ஆசிரியர் நியமனப் போட்டிப் பரீட்சை, அனுமதி அட்டை. அடுத்த வரி இல்லை. பெயர் எழுதியிருந்த அந்த இடத்தில்தான் துவாரம் வெட்டியிருந்தது. அதற்குக் கீழே மண்டூர் விலாசம். அதற்கும் கீழே, 27.03.1993, சனிக்கிழமை, மு.ப. 9.00, மட்டக்களப்பு.